சாப்பாட்டு பாட்காஸ்ட்ல விளைநிலத்தைப் பத்தி ஒரு எபிசோட் பண்றது எப்படி: முழு வழிகாட்டி

சாப்பாடு பத்தி ரேடியோ நிகழ்ச்சியோ பாட்காஸ்டோ பண்றவங்க எல்லாரும் ஒரு கட்டத்துல "விவசாய நிலம் போயிட்டே இருக்கு, அதைப் பத்தி ஒண்ணு பண்ணுவோம்"னு வருவாங்க. அப்புறம் நடக்கறது பெரும்பாலும் ஒரே கதைதான். ஒரு நிபுணரை போன்ல பிடிச்சு 40 நிமிஷம் பேச வெச்சு, நடுநடுவுல பறவை சத்தம் சேர்த்து, அடியில ஒரு சோகமான மியூசிக் ஓட விட்டு ஏத்திடுவாங்க, கேக்கறவங்க பாதியிலயே கழண்டுடுவாங்க. நிபுணர் மேல தப்பே இல்ல. வேலை பண்ணின வரிசைதான் தப்பு.

20லேர்ந்து 25 நிமிஷம் ஓடற ஒரு எபிசோடை மனசுல வெச்சு இதை எழுதறேன். தனியா பண்றவங்களுக்கும் சரி, ரெண்டு மூணு பேர் சேர்ந்து பண்றவங்களுக்கும் சரி, வரிசை இதேதான்.

1. கிளம்பறதுக்கு முன்னாடி என்னென்ன வேணும்

ஒரு ரெக்கார்டர் வேணும், இல்லன்னா வெளி மைக் மாட்டற வசதி இருக்கற போன். காதை முழுசா மூடற ஹெட்ஃபோன், மைக்குக்கு முடி வெச்ச காத்துத் தடுப்பு, கூடுதலா ஒரு செட் பேட்டரி, ரெண்டு மெமரி கார்டு. இவ்வளவுதான் ஆடியோ பக்கம்.

நிலத்து பக்கம் இன்னும் சிலது: ஒரு மண்வெட்டி, ரெண்டு பக்கமும் திறந்த 15 சென்டிமீட்டர் விட்டமுள்ள குழாய்த் துண்டு, அளவு குறிச்ச ஒரு பாட்டில், ஒரே மாதிரி ரெண்டு கண்ணாடி ஜாடி, கம்பி வலைத் துண்டு, கொஞ்சம் பிளாஸ்டிக் ஷீட், ஸ்டாப்வாட்ச். இதெல்லாம் எதுக்குன்னு 7-வது படியில வரும்.

பணத்தை எங்க போடறதுன்னு குழம்பறவங்களுக்கு என் கருத்து: விலை ஜாஸ்தி மைக்கை விட ஹெட்ஃபோனும் காத்துத் தடுப்பும் முக்கியம். நல்ல மைக்ல காத்து அடிச்சாலும் கேக்க முடியாத ஃபைல்தான் கிடைக்கும்.

2. தலைப்பை விடுங்க, ஒரு முடிவைப் பிடிங்க

"நிலையான விவசாயம்" ஒரு தலைப்பு, அதுல கதை கிடையாது. "இந்த வருஷம் உழாம விதைக்கலாமா வேண்டாமா"ன்னு ஒருத்தர் யோசிச்சிட்டு இருக்காரு பாருங்க, அதுல கதை இருக்கு. ஏன்னா முடிவுன்னா அதுல பணம் இருக்கு, பயம் இருக்கு, வீட்டுக்குள்ள சண்டை இருக்கு, முடிவு என்னாச்சுன்னு தெரிஞ்சுக்க கேக்கறவங்களும் உக்காந்திருப்பாங்க.

நிகழ்ச்சி சாப்பாடு பத்தினதுங்கறதால தட்டுல இருக்கற ஒரே ஒரு பொருளை எடுத்துக்கிட்டு பின்னாடி போங்க. அது எந்த மாதிரி மண்ணுல விளைஞ்சது, அந்த மண்ணு பத்து வருஷத்துக்கு முன்னாடி எப்படி இருந்தது, அடுத்த பத்து வருஷம் அங்க விளையுமா, விளையாம பண்ணக்கூடியது எது. இப்படியே போனா ஏதோ ஒரு இடத்துல ஒரு ஆளோட முடிவுல போய் முட்டும். அங்க நின்னுடுங்க, அதுதான் உங்க எபிசோட்.

புதுசா வர்றவங்க இங்க பண்ற தப்பு, ஒரே எபிசோடுல மண்ணு, தண்ணி, விதை, பூச்சிமருந்து, சந்தை விலைன்னு அஞ்சையும் அள்ளிப் போடறது. ஒண்ணு போதும், மிச்சம் நாலும் அந்த ஒண்ணுக்குள்ள தானா எட்டிப் பாக்கும்.

3. நிலம் எப்படி போகுதுன்னு மொதல்ல பிரிச்சுக்கோங்க

விளைநிலம் ரெண்டு விதமா போகும். ஒண்ணு, நிலம் கைமாறி கட்டடமோ ரோடோ ஆயிடறது. இன்னொண்ணு, நிலம் அங்கேயே இருக்கும், ஆனா மேல்மண் அரிச்சுப் போயோ, உப்பு ஏறியோ, கனமான வண்டி ஓடி இறுகியோ, சத்து போயோ விளைச்சல் இறங்கிடும். ரெண்டையும் கலந்து பேசினா கேக்கறவங்களுக்கு ஒண்ணுமே நிக்காது.

இதை ஏன் கிளம்பறதுக்கு முன்னாடியே பிரிக்கணும்னா, ரெண்டுக்கும் தீர்வு வேற வேற. முதலாவதுக்கு மூடாக்கு, அதாவது வைக்கோல், இலைதழையால மண்ணை மூடறது, போட்டு பிரயோஜனம் இல்ல. அதுக்கு நிலப் பயன்பாட்டு விதிகள் வேணும், இல்ல சில நாடுகள்ல இருக்கற மாதிரி, இந்த நிலத்துல இனிமே கட்டடம் கட்ட மாட்டோம்னு உரிமையாளர் நிரந்தரமா எழுதிக் கொடுக்கற ஒப்பந்தம் வேணும், அது அடுத்து வாங்கறவரையும் கட்டும். ரெண்டாவதுக்குத்தான் உழவைக் குறைக்கறது, மண்ணை எப்பவும் மூடி வெக்கறது, பயிரை மாத்தி மாத்தி போடறது எல்லாம்.

ரெண்டும் ஒட்டற இடமும் ஒண்ணு இருக்கு, நல்ல எபிசோட் அங்கதான் கிடைக்கும். மண்ணு சோர்ந்தா செலவு ஏறும், வருமானம் இறங்கும், அப்ப வித்துடலாம்ங்கற பேச்சு வீட்டுல சுலபமா எழும். மண்ணைக் காப்பாத்தற வேலை நிலத்தைக் காப்பாத்தற வேலையோட சேர்றது அங்கதான்.

4. நாள் குறிக்கறது: சீசனைப் பாருங்க, உங்க காலெண்டரை இல்ல

அறுவடை அன்னைக்குப் போகாதீங்க. சத்தம் பிரமாதமா இருக்கும், ஆனா யாருக்கும் உங்ககிட்ட பேச நேரம் இருக்காது, முதல் நாளே தொந்தரவு பண்ணின ஆளா ஆயிடுவீங்க. அறுவடை சத்தம் வேணும்னா தனியா ஒரு நாள் போய் ஓரமா நின்னு பிடிச்சுட்டு வந்துடுங்க.

குறைஞ்சது ரெண்டு தடவை போற மாதிரி பிளான் போடுங்க, ஒரு தடவை மண்ணு காஞ்சிருக்கறப்போ, இன்னொரு தடவை நல்ல மழை முடிஞ்ச மறுநாள். மூடாக்கு போட்ட வயலுக்கும் வெறுமனே கெடக்கற வயலுக்கும் வித்தியாசம் மழைக்கப்புறம்தான் பளிச்சுனு தெரியும். ஒண்ணுல தண்ணி உள்ள போயிருக்கும், இன்னொண்ணுல கலங்கலா வாய்க்கால்ல ஓடிட்டு இருக்கும். அந்த ஓடற சத்தத்தை ரெக்கார்ட் பண்ணிடுங்க. வாயால சொல்லாமலே பாதி விஷயம் அதுல முடிஞ்சுடும்.

5. அனுமதி: உழறவர் யாரு, நிலம் யாரோடது

இதை கேக்காம மைக்கை வெளியில எடுக்காதீங்க. குத்தகைக்கு பண்றவங்களா இருந்தா உரிமையாளர் எபிசோடைக் கேக்கறப்போ அவங்களுக்கு சிக்கல் வரலாம். "மண்ணு கெட்டுப் போச்சு"ன்னு ஒரு வரி ஒளிபரப்பானா குத்தகைப் பேச்சையும் நிலத்து விலையையும் அது பாதிக்கும். பேரு சொல்லலாமா, இடம் சொல்லலாமா, பக்கத்து வயல்காரரைப் பத்திப் பேசினா வெட்டணுமா, எல்லாத்தையும் முன்னாடியே பேசி, சம்மதத்தையும் குரல்லயே பதிஞ்சு வெச்சுக்கோங்க.

கூடவே எத்தனை வருஷத்துக்கு குத்தகைன்னு கேளுங்க. சும்மா சம்பிரதாயக் கேள்வி இல்ல இது. மட்கு சேர்த்து மண்ணைத் தேத்தறது, ஓரத்துல மரம் வெக்கறது எல்லாம் பலன் தர வருஷக் கணக்குல ஆகும், அடுத்த வருஷம் இந்த வயல் நம்ம கையில இருக்குமான்னே தெரியாதவர் அதுல ஏன் பணம் போடுவாரு? நிறைய இடத்துல உண்மையான தடை இதுதான், விழிப்புணர்வு இல்லாதது கிடையாது.

6. முதல்ல நடங்க, அப்புறம் உக்காருங்க

புதுசா வர்றவங்க போன உடனே நிழல்ல நாற்காலி போட்டு பேட்டி எடுப்பாங்க. உக்காந்துட்டா விவசாயி பேட்டி பாஷைக்கு மாறிடுவாரு, ஏற்கனவே எங்கயோ சொன்ன பதிலையே திரும்ப சொல்லுவாரு. அதனால மொதல்ல வயலை ஒரு சுத்து சுத்துங்க, ரெக்கார்டர் ஓடிட்டே இருக்கட்டும், "இங்க ஏன் பயிர் குட்டையா இருக்கு?" "இந்த ஓரம் மட்டும் ஏன் ஈரமா இருக்கு?"ன்னு கண்ணுல படறதை கேட்டுட்டே போங்க. காலுக்கடியில மண்ணு இருக்கறப்போ வர்ற பேச்சே வேற.

மைக் வாயிலேர்ந்து 15-20 சென்டிமீட்டர் தூரத்துல, கொஞ்சம் பக்கவாட்டுல இருக்கணும். மைக்கை இறுக்கிப் பிடிங்க, விரல் நகர்ந்தா அந்த சத்தமும் பதியும். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வேவ் ஃபைல் வெச்சுக்கோங்க, சத்தமா பேசறப்பவும் லெவல் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாம பாத்துக்கோங்க. இப்படி இடம் விட்டு வெச்சாதான் அவர் திடீர்னு சிரிச்சா குரல் உடையாது. உங்க போனை ஏரோபிளேன் மோடுல போட்டுடுங்க.

மைக்கோட வர்ற ஸ்பாஞ்ச் உறை வாயிலேர்ந்து வர்ற காத்தைத் தடுக்கத்தான், வயல் காத்துக்கு அது பத்தாது. முடி உறைதான் வேணும். அது இல்லன்னா காத்துக்கு உங்க முதுகைக் காட்டி நின்னு மைக்கை மறைச்சுக்கோங்க. காலை சீக்கிரமே போனா பொதுவா காத்தும் கம்மி.

மோட்டார், டிராக்டர் ஓடற இடத்துல பேட்டி வேண்டாம். பின்னாடி ஓடற இன்ஜின் சத்தம் ஏறி இறங்கிட்டே இருக்கும், எடிட்ல எங்க வெட்டினாலும் வெட்டு காதுல உறுத்தும். அந்த சத்தத்தைத் தனியா பிடிங்க, அப்புறம் குரலுக்குக் கீழ நீங்களே வெச்சுக்கலாம்.

நின்ன ஒவ்வொரு இடத்துலயும் ஒரு நிமிஷம் யாரும் பேசாம சும்மா சூழல் சத்தத்தை மட்டும் பதிங்க. எல்லாரும் மறக்கறது இது, எடிட்டிங்ல வெட்டின இடத்தை ஒட்டறதுக்கு இதை விட்டா வேற பசை கிடையாது.

7. மண்ணை சத்தம் போட வைங்க

ஆடியோல மண்ணைக் காட்ட முடியாதுன்னு சொல்லுவாங்க. காட்ட முடியாது, கேக்க வைக்கலாம். மூணு சின்ன சோதனை இருக்கு, மூணுலயும் சத்தமும் உண்டு, விஷயமும் உண்டு.

முதல்ல மண்வெட்டி. வண்டி ஓடி இறுகின இடத்துல ஒரு குத்து, பல வருஷமா மூடி வெச்ச இடத்துல ஒரு குத்து. ஒண்ணு 'டங்'குன்னு முட்டும், இன்னொண்ணு 'சரக்'குன்னு உள்ள போகும். மைக்கை தரையிலேர்ந்து ஒரு அடி உயரத்துல வெச்சா போதும்.

ரெண்டாவது தண்ணி இறங்கற வேகம். 15 சென்டிமீட்டர் குழாயை மண்ணுல பாதி ஆழத்துக்கு அடிச்சு இறக்கி, உள்ள பிளாஸ்டிக் ஷீட்டை விரிச்சு, 440 மில்லி தண்ணி ஊத்தி, ஷீட்டை மெதுவா உருவுங்க. அந்த 440 மில்லி அந்த விட்டத்துக்கு கிட்டத்தட்ட 25 மில்லிமீட்டர் மழைக்கு சமம். ஷீட் எதுக்குன்னா, நேரா ஊத்தினா தண்ணி விழற வேகத்துலயே மேல்மண் கலங்கிடும், அளவு பொய்யாயிடும். முதல் தடவை ஊத்தறது மண்ணை நனைக்க, அதே அளவை ரெண்டாவது தடவை ஊத்தி எவ்வளவு நேரத்துல இறங்குதுன்னு பாருங்க, அதுதான் கணக்கு. இப்படி ரெண்டு வயல்லயும் ஒரே நாள்ல பண்ணணும், ரெண்டும் ஒரே வகை மண்ணா இருக்கணும். மணல் மண்ணு சத்தே இல்லன்னாலும் தண்ணியை சட்டுனு குடிச்சுடும், அதை களிமண்ணோட ஒப்பிட்டு "பாத்தீங்களா"ன்னு சொன்னா மண்ணு தெரிஞ்சவங்க சிரிப்பாங்க.

தண்ணி இறங்கற நேரம் முழுக்க ஒளிபரப்ப வேண்டாம். ஊத்தற சத்தம், ஷீட் உருவற சத்தம், அப்புறம் ஸ்டாப்வாட்ச் பாத்து விவசாயியே நேரத்தை சொல்லணும். நீங்க சொன்னா அது தகவல், அவர் தன் வயலைப் பாத்து சொல்றப்போ அந்த குரல்ல என்னமோ இருக்கும்.

மூணாவது மண்ணாங்கட்டி சோதனை. ரெண்டு வயல்லேர்ந்தும் நல்லா காஞ்ச கட்டி ஒவ்வொண்ணு எடுத்து, தண்ணி நிரப்பின ஜாடிகள்ல வாய்க்குக் கீழ கம்பி வலை வெச்சு அதுல போடுங்க. வேரும் பூஞ்சையும் விடற பசையில பிடிச்சு நிக்கற மண்ணு அஞ்சு நிமிஷம் கழிச்சும் பெரும்பாலும் கட்டியாவே இருக்கும், அந்த பிடிப்பு இல்லாதது தண்ணி புகுந்த வேகத்துல உள்ள இருக்கற காத்து வெடிச்சு கரைஞ்சு அடியில சேறா நிக்கும். ஜாடி வாயில மைக்கை வெச்சா காத்துக்குமிழ் வெளிய வர்ற சத்தம் கேக்கும், சன்னமாத்தான். அதனால இதை மட்டும் சத்தமில்லாத அறையில பண்ணுங்க, வயல்ல நின்னு பண்ணி காத்து சத்தத்தை ரெக்கார்ட் பண்ணிட்டு வராதீங்க.

8. உக்காந்து பேசறப்போ கேள்வி வரிசை

"மண்வளம் ஏன் முக்கியம்?"னு ஆரம்பிச்சா மேடைப்பேச்சுதான் வரும். பழைய கதையைக் கேட்டுத் தொடங்குங்க: விவசாய முறையை எப்ப மாத்தினீங்க, அந்த வருஷம் என்ன ஆச்சு, வீட்டுல யாரு வேண்டாம்னாங்க, முதல் சீசன்ல எவ்வளவு போச்சு. நஷ்டத்தைக் கேக்க கூச்சப்படாதீங்க. நஷ்டம் இல்லாத மாற்றக் கதையை இன்னொரு விவசாயி கேட்டா நம்ப மாட்டாரு, நம்பக் கூடாது.

எதிர்ப்பக்கத்தையும் இங்கயே கேட்டுடுங்க. உழாம விட்டா களை ஏறும், அதுக்கு நிறைய பேர் களைக்கொல்லியை நம்பறாங்க. ரசாயனமே வேண்டாம்னு போறவங்க களையை அடக்க பல சமயம் திரும்பவும் உழ வேண்டியிருக்கு. மண்ணைக் கலைக்காம இருக்கறதும் மருந்து அடிக்காம இருக்கறதும் ஒண்ணுக்கொண்ணு இழுக்கற விஷயம், இதை மறைச்சுட்டு ரெண்டையும் ஒரே மூச்சுல புகழற எபிசோட்தான் அதிகம். நீங்க அந்த இழுபறியை வெளிய எடுங்க, நிபுணர்கிட்ட கேக்க வேண்டிய கேள்வியும் இதுலேர்ந்துதான் பிறக்கும்.

ஆமா, நிபுணர் இந்த படிக்கப்புறம்தான். வயல் டேப்பைக் கேட்டு முடிச்சு, புரியாத மூணு நாலு இடத்தைக் குறிச்சுக்கிட்டு போனா 15 நிமிஷத்துல வேலை முடியும்.

9. நம்பரை சலிச்சு எடுங்க

மண்ணு விஷயத்துல சுத்தற நம்பர்ல கவர்ச்சியானதுதான் சந்தேகமானது. "உலகத்துல இன்னும் 60 அறுவடைதான் பாக்கி"ன்னு ஒரு வரி வருஷக்கணக்கா ஓடிட்டு இருக்கு, தேடிப் போனவங்களுக்கு அதுக்குப் பின்னாடி ஒரு அறிவியல் ஆய்வும் கிடைக்கல. மண்ணு ஒவ்வொரு இடத்துல ஒவ்வொரு வேகத்துல தேயுது, சில இடத்துல தேறவும் செய்யுது, உலகத்துக்கெல்லாம் சேர்த்து ஒரே கெடு குறிக்கறதுக்கே அர்த்தம் இல்ல. உங்க விருந்தாளி இதை சொன்னா அங்கேயே நிறுத்திக் கேளுங்க, இல்லன்னா வெட்டிடுங்க.

யாரு சொன்னது, எப்ப சொன்னதுன்னு சேர்த்து சொல்ல முடியற நம்பரை மட்டும் வெச்சுக்கோங்க. நம்ம உணவுல சுமார் 95 சதவீதம் நேரடியாவோ மறைமுகமாவோ மண்ணுலேர்ந்து வருதுங்கறது ஐநா உணவு வேளாண்மை அமைப்போட மதிப்பீடு. இப்படி சொன்னா போதும்.

ஒத்தை நம்பரை விட நிபந்தனையோட வர்ற வீச்சு நேர்மையானது. இயற்கை விவசாயத்துல விளைச்சல் எவ்வளவு குறையும்னு பல ஆய்வுகளை சேர்த்துப் பாத்த 2012 ஒப்பீடு ஒண்ணு, பயிரையும் நிலைமையையும் பொறுத்து 5லேர்ந்து 34 சதவீதம் வரைன்னு சொன்னது. "25 சதவீதம் குறையும்"னு சுருக்கினா கேக்க சுலபம், ஆனா பாதி உண்மை போயிடும்.

பெரிய நம்பரை காதுக்கு ஏத்த மாதிரி நீங்களே போட்டுப் பாக்கலாம். ஒரு ஹெக்டேர்ங்கறது 10,000 சதுர மீட்டர், அதுல மேலேர்ந்து 1 மில்லிமீட்டர் மண்ணு போனா 10 கன மீட்டர், எடையில சுமார் 13 டன். கண்ணுக்கே தெரியாத ஒரு மில்லிமீட்டர், 13 டன்.  ஆனா ஒரு எபிசோடுக்கு மூணு நம்பருக்கு மேல வேண்டாம், காதுல நிக்காது.

10. ஸ்கிரிப்ட் இப்பதான்

டேப் முழுசையும் கேட்டு, எந்த நிமிஷத்துல என்னன்னு குறிச்சு, நல்ல இடத்தையெல்லாம் காகிதத்துல வரிசைப்படுத்தின அப்புறம்தான் உங்க வரிகளை எழுதணும். போறதுக்கு முன்னாடியே ஸ்கிரிப்ட் எழுதினவங்க வயல்ல அந்த ஸ்கிரிப்டுக்கு ஏத்த பதிலைத் தேடித்தான் அலையறாங்க.

ரேடியோவுக்கும் பாட்காஸ்டுக்கும் இங்க வித்தியாசம் உண்டு. ரேடியோல பாதியில வந்து சேர்றவங்கதான் அதிகம், அதனால சில நிமிஷத்துக்கு ஒரு தடவை யாரு பேசறாங்க, எந்த வயல்ல நிக்கறோம்னு நினைவுபடுத்தணும், நேரமும் நொடி சுத்தமா இருக்கணும். பாட்காஸ்ட்ல அதையே பண்ணினா சலிக்கும், அங்க முதல் ஒரு நிமிஷம்தான் கண்டம். ரெண்டுக்கும் சேர்த்து பண்றீங்கன்னா ரேடியோ வெட்டை முதல்ல முடிங்க, நேரக் கட்டுப்பாடு இருக்கறதால எது தேவையில்லன்னு அதுலயே தெரிஞ்சுடும்.

தொடக்கத்துல மண்வெட்டி சத்தமோ தண்ணி ஊத்தற சத்தமோ வைங்க, வரவேற்புரை அப்புறம். மியூசிக்கை விவசாயி பேசறப்போ அடியில ஓட விடாதீங்க. எப்படி உணரணும்னு நீங்க அவங்களுக்கு சொல்லித் தர்ற மாதிரி ஆயிடும்.

11. லெவல், ஃபைல், ஏத்தறது

குரலுக்கு 80 ஹெர்ட்ஸுக்குக் கீழ வெட்டிடுங்க, காத்து உறுமல் கொஞ்சம் அடங்கும். மொத்த சத்தம் ஸ்டீரியோவுக்கு மைனஸ் 16 எல்யுஎஃப்எஸ் (காதுக்கு சராசரியா எவ்வளவு சத்தமா கேக்குதுங்கறதோட அளவு), மோனோவுக்கு மைனஸ் 19, உச்சம் மைனஸ் 1 டெசிபலைத் தாண்ட வேண்டாம். ரேடியோவுக்குன்னா அந்த நிலையத்தோட அளவைக் கேட்டு வாங்குங்க, அது வேறயா இருக்கும். எம்பி3 128 கேபிபிஎஸ் போதும். அட்டைப்படம் 3000க்கு 3000 பிக்சல். ஆடாசிட்டி இலவசம், இதுக்கெல்லாம் அதுவே போதும்.

ஒரிஜினல் டேப்பை அழிக்காதீங்க, ரெண்டு தனித்தனி இடத்துல வைங்க.

12. வெளியிடறதுக்கு முன்னாடியும் பின்னாடியும்

விவசாயி பேசின பகுதியை அவருக்கு முன்னாடியே போட்டுக் காட்டுங்க. பிடிச்சிருக்கான்னு கேக்க இல்ல, தகவல் சரியா, யாருக்காவது சிக்கல் வருமான்னு பாக்கத்தான். இதை என்ன காரணத்துக்காக கேக்கறோம்னு தெளிவா சொல்லிடுங்க, இல்லன்னா எபிசோடையே அவர் எடிட் பண்ண ஆரம்பிச்சுடுவாரு.

எபிசோட் குறிப்புல சோதனைகளை எப்படி பண்ணினீங்கன்னு அளவோட எழுதுங்க. கேக்கறவங்கள்ல நிலம் வெச்சிருக்கறவங்க தாங்களே பண்ணிப் பாப்பாங்க, ரிசல்ட்டைக் குரல் பதிவா அனுப்பச் சொன்னா அடுத்த எபிசோடுக்கு டேப் கிடைச்ச மாதிரி. டேட்டா செலவு யோசிக்கறவங்களுக்கு ஒரு மிஸ்டு கால் நம்பர் வெச்சு நீங்க திருப்பி கூப்பிடலாம்.

அடுத்த சீசன்ல அதே வயலுக்குப் போற தேதியை இப்பவே பேசிடுங்க. குழாய் இறக்கின இடம் வரப்போட எந்த மூலையிலேர்ந்து எத்தனை அடின்னு குறிச்சு வைங்க, அன்னைக்கு மண்ணு ஈரமா காய்வாங்கறதையும் சேர்த்து. ஈரம் மாறினா அளவு மாறும், அதனால இதே மாதிரி நாளா பாத்துப் போனாதான் ரெண்டு அளவையும் பக்கத்துல வெச்சுப் பேச முடியும்.